கோல்ட் ஏர் இன்டேக்: நிற்கும் வண்டியில் அளந்த இடைவெளி போதாது

எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக் வைத்திருக்கும் நண்பர்கள் கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குச் சூடில்லாத வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாயும் ஃபில்டரும்) பற்றி என்னிடம் பேசும்போது, எந்த நிறுவனத்தின் கிட்டை வாங்கலாம், எத்தனை குதிரைத்திறன் கூடும் என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குழாய் எங்கே இடிக்கும், எந்த நிலையில் இடிக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த வேலை கெட்டுப்போவதோ பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இன்ஜினை அணைத்து, போனட்டைத் திறந்துவைத்து, குழாயைச் சுற்றி விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, நுழைந்தால் சரி என்று கிளாம்பை (குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை) முறுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த விரல் நுழைந்த இடம் வண்டி நிற்கும்போது மட்டுமே இருக்கிற இடம். வண்டி ஓடும்போது இன்ஜின் தன் மவுண்டில், அதாவது அதைத் தாங்கும் ரப்பர் தாங்கியில், சாய்கிறது, சக்கரம் திரும்பவும் எழும்பவும் செய்கிறது, போனட் மூடியிருக்கிறது, சென்னையாக இருந்தால் சாலையில் தண்ணீரும் நிற்கிறது. இவை எல்லாம் நடக்கும்போது அந்த இடைவெளி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்த பிறகுதான் கிளாம்பை இறுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிப் பார்ப்பது என்பதை, என் வண்டியில் செய்ததை வைத்து எழுதுகிறேன்.

என்னுடையது 1.8 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். இந்தத் தலைமுறை சிவிக் 2006இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இதன் ஆர்18 இன்ஜின் 1799 சி.சி. கொள்ளளவு கொண்டது, இந்திய வண்டியில் 132 பிஎஸ் திறனை 6300 ஆர்பிஎம்மில் தருகிறது. இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. காற்று உள்ளே போகும் பக்கம் முன்னால் ரேடியேட்டரை நோக்கியும், எக்ஸாஸ்ட் பின்னால் ஃபயர்வாலை (இன்ஜினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தகட்டுச் சுவரை) நோக்கியும் இருக்கின்றன. இந்த அமைப்பு நமக்குச் சாதகமானது, ஏனென்றால் காற்றுக் குழாய் எக்ஸாஸ்டின் பக்கம் போகவே வேண்டியதில்லை. கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலிருந்து ஒரு நீளமான குழாயைக் கியர்பாக்ஸுக்கு மேலாகக் கொண்டுவந்து, ஃபெண்டர் உட்பகுதி வழியாகக் கீழே இறக்கி, பம்பருக்குப் பின்னால் இடது முன்சக்கரத்துக்கு முன்னே ஃபில்டரைத் தொங்கவிடுவதுதான் இந்த வண்டிக்கு வரும் நீளக் குழாய்க் கிட்களின் பொதுவான அமைப்பு.

கம்பெனி பாக்ஸைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது மூடிய பெட்டி. வெளிக்காற்றை எடுப்பதற்கென்றே அதற்கு ஒரு வாய் உண்டு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திறந்த ஃபில்டர் ஒன்றை இன்ஜின் பக்கத்திலேயே மாட்டினால், சூடான காற்றைத்தான் இழுக்க நேரும். காற்றின் அடர்த்தி வெப்பநிலைக்கு ஏற்பக் குறையும் என்பது கணக்கு: 35 டிகிரி வெளிக்காற்றோடு ஒப்பிட்டால், போனட்டுக்குள் 65 டிகிரி வரை சூடான காற்றில் ஏறக்குறைய 9 சதவீதம் ஆக்சிஜன் குறைவு. நெரிசலில் ஊர்ந்து நின்ற வண்டியில் உள்வரும் காற்றின் வெப்பநிலையை ஓபிடி டாங்கிளில் (வண்டியின் சென்சார் அளவுகளை போனில் காட்டும் சிறு கருவி) பார்த்தால் இந்த அளவு வித்தியாசம் ஆச்சரியமானதல்ல என்பது தெரியும். ஆகவே ஃபில்டரை வெளிக்காற்று படும் இடத்துக்குக் கொண்டுபோனால்தான் இந்த வேலைக்கே அர்த்தம் உண்டு. அப்படிக் கொண்டுபோகும்போது குழாய் நீளுகிறது, நீளும் குழாய் இடிக்கும் இடங்களும் கூடுகின்றன. டர்போ இல்லாத இந்த இன்ஜினில் திறன் பெரிதாகக் கூடிவிடாது. உயர் ஆர்பிஎம்மில் கொஞ்சம் சுறுசுறுப்பும், நல்ல கனமான ஒரு உறிஞ்சும் ஒலியும் கிடைக்கும். எனக்கு அந்த ஒலி பிடிக்கும், அதற்காகவே செய்தேன்.

குழாயின் அகலத்தை முடிவு செய்யும் இடத்திலேயே இடைவெளிப் பிரச்சினையின் பாதி தீர்ந்துவிடுகிறது. பெரிய குழாய் என்றால் அதிகக் காற்று என்ற எண்ணத்தில் 76 மி.மீ. குழாயைத் தேடிப் போகிறவர்கள் பலர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை நிரப்புகிறது. 1.8 லிட்டர் இன்ஜின் 6300 ஆர்பிஎம்மில், முழுமையாக நிரம்புகிறது என்றே வைத்துக்கொண்டாலும், நொடிக்குச் சுமார் 94 லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். உள்விட்டம் 63.5 மி.மீ. உள்ள குழாயில் இந்தக் காற்று நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும், 76 மி.மீ. குழாயில் 21 மீட்டர். முப்பது மீட்டர் என்பது இந்த அளவு இன்ஜினுக்குத் தடையாகும் வேகமல்ல. அந்தக் கூடுதல் 12 மி.மீ. விட்டத்தால் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் கியர் கேபிள் பக்கமும் போனட் பக்கமும் தலா 6 மி.மீ. இடம் பறிபோகிறது. இன்டேக் குழாயைச் சுற்றி 6 மி.மீ. என்பது மிகப் பெரிய சொத்து.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குறுக்காக வைத்த இன்ஜின், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் அச்சைச் சுற்றி முன்னும் பின்னுமாக ஆடும். முன் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் முன்னோக்கிச் சுழல, அதன் எதிர்விசையில் இன்ஜினின் மேல்பாகம் ஃபயர்வால் பக்கம் சாய்கிறது. முன்பாகம் மேலே எழுகிறது. ரிவர்ஸில் இது அப்படியே தலைகீழாகும்: மேல்பாகம் ரேடியேட்டர் பக்கம் வரும், முன்பாகம் கீழே இறங்கும். இன்ஜின் இரண்டே டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் அச்சிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு பாகம் அந்த இரண்டு டிகிரியில் 14 மி.மீ. நகர்ந்துவிடும். த்ராட்டில் பாடியோடு விறைப்பாகப் பிணைக்கப்பட்ட குழாயின் மறுமுனை அச்சிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், அந்த முனை 21 மி.மீ. ஏறி இறங்கும். மெக்கானிக் விரலை நுழைத்துப் பார்த்த இடைவெளி அதைவிடக் குறைவாகவே இருக்கும். மவுண்ட் ரப்பர் வயதாகி அமுங்கிப்போன வண்டியில் இந்த ஆட்டம் இன்னும் கூடும் என்பதால், பழைய சிவிக்கில் இன்டேக் மாட்டப் போகிறவர் முதலில் மவுண்ட்களைப் பார்க்க வேண்டும். வெடித்த மவுண்டோடு அளக்கும் எந்த இடைவெளியும் நம்பத்தக்கதல்ல, மவுண்டை மாற்றிய பிறகு இன்ஜின் உட்காரும் உயரமும் சற்று மாறிவிடும்.

குழாயை முதலில் தளர்வாக மாட்டி, எல்லா கிளாம்பையும் கையால் திருப்பும் அளவுக்கு மட்டும் விட்டுவைத்து, அப்புறம் இந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தோம். என் மெக்கானிக் அனுபவம் மிக்கவர், கைவேலை சுத்தமாக இருக்கும். முன் கியரில் பார்த்ததோடு, "சார், கை தாராளமா போகுது, இது போதும்" என்றார். "அண்ணே, ரிவர்ஸ்லயும் ஒருவாட்டி பாத்துடலாமே" என்று கேட்டேன். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, கிளட்சைக் கடிக்கும் இடம் வரை மட்டும் மெதுவாக விட்டால் இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்பது தெரிந்துவிடும். இதைச் செய்யும்போது வண்டியின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. பார்ப்பவர் ஃபெண்டர் பக்கமாக நின்று எட்டிப் பார்க்க வேண்டும், கையை உள்ளே விடவே கூடாது. முன் கியரில் அழகாக விலகியிருந்த குழாய், ரிவர்ஸில் ரேடியேட்டர் ஃபேனின் கூட்டை நோக்கி வந்து, வெள்ளைச் சாக்கால் நாங்கள் போட்டிருந்த கோட்டை எட்டியது. குழாயை அதன் அச்சில் சிறிது திருப்பி, த்ராட்டில் பாடியின் ரப்பருக்குள் சில மி.மீ. கூடுதலாக நுழைத்ததும் அந்தச் சிக்கல் போய்விட்டது. வளைந்த குழாயில் ஒரு முனையைச் சற்றே திருப்பினாலும் மறுமுனை நெடுந்தூரம் நகரும். இந்தத் திருத்தத்தையெல்லாம் கிளாம்ப் தளர்வாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

ஆட்டத்தை அறவே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. குழாயை ஒரு பக்கம் இன்ஜினோடும் மறுபக்கம் பாடியோடும் இறுக்கமாக போல்ட் போட்டால், நடுவில் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். பெரும்பாலும் குழாயில் பற்றவைத்த தாங்கியின் ஓரத்தில் விரிசல் விழும், அல்லது த்ராட்டில் பாடியின் மீது அந்தப் பாரம் ஏறும். அதனால் இன்ஜின் பக்கக் குழாயையும் ஃபெண்டர் பக்கக் குழாயையும் தனித்தனித் துண்டுகளாக வைத்து, நடுவில் வயிறு பெருத்த சிலிகான் ஹோஸ் ஒன்றைப் போட வேண்டும். அந்தப் பெருத்த பகுதி வளைந்துகொடுக்கும். இரண்டு குழாய் முனைகளும் ஹோஸுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாமல் 15 மி.மீ. போல விட்டிருந்தால்தான் அது வளைய இடம் கிடைக்கும். முட்டிக்கொண்டு நின்றால் ஹோஸ் இருந்தும் இல்லாதது போலத்தான். கீழ்த்துண்டைப் பாடியோடு பிடிக்கும் பிராக்கெட்டில் இருபுறமும் திருகுள்ள ரப்பர் மவுண்டைக் கொடுக்க வேண்டும். நல்ல சிலிகான் ஹோஸும் கிளாம்பும் சென்னையில் ஜி.பி. ரோட்டில் கிடைக்கின்றன. விரலால் கிள்ளினால் துணி அடுக்கு உள்ளே தெரிகிற, கனமான ஹோஸாகப் பார்த்து எடுப்பது நல்லது. கிளாம்பின் திருகுத் தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் குழாய்க்கு இடம் இருந்தும் கிளாம்பின் தலை மட்டும் போய் வயரில் உரசும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போனட்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடத்தை அளக்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைவிட நல்ல கருவி கிடையாது. குழாயின் உயரமான இடங்களிலும் கிளாம்ப்களின் மேலும் களிமண்ணைக் கூம்பாக வைத்து, மேலே ஒரு மெல்லிய பாலித்தீன் தாளைப் போட்டு, போனட்டை மெதுவாக இறக்கிப் பூட்டுப் பிடிக்கும் வரை அழுத்தித் திறந்தால், அமுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி எடுத்து ஸ்கேலில் வைத்தால் போதும். போனட்டின் உட்புறம் தட்டையானதல்ல. குறுக்கும் நெடுக்குமாக விறைப்புப் பட்டைகள் ஓடுகின்றன, ஆகவே ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம் வரும். கிடைத்த அளவிலிருந்து இன்ஜின் எழும் அளவைக் கழித்த பிறகும் 10 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். முன் கியரில் இன்ஜினின் முன்பாகம் மேலே எழும் என்பதால், களிமண் 12 மி.மீ. காட்டினாலும் முழு ஆக்சிலரேட்டரில் குழாய் போனட்டைத் தொட்டுவிடும். மற்ற இடங்களுக்கு என் அளவு இதுதான்: இன்ஜினோடு ஆடும் பாகத்துக்கும் பாடியோடு நிற்கும் பாகத்துக்கும் நடுவே 20 முதல் 25 மி.மீ.; இரண்டும் சேர்ந்தே ஆடுகிற இடங்களில் 8 மி.மீ. இருந்தாலும் பாதகமில்லை.

கியர்பாக்ஸுக்கு மேலே போகும் குழாய் என்பதால் கியர் கேபிள்களையும் அவற்றின் நெம்புகோல்களையும் தனியே பார்க்க வேண்டும். வண்டியை அணைத்துவிட்டு, கிளட்சை அழுத்தி, ஒருவர் ஒவ்வொரு கியராக மாற்றிக்கொண்டே போக, இன்னொருவர் நெம்புகோல் போகும் எல்லையைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் தாராளமாக இருக்கும் இடம் ஐந்தாம் கியரில் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் கிட்கள் பலவும் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டியை வைத்து வரையப்பட்டவை. நம் வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், பிரேக் குழாய்களும் வயரிங்கும் ஓடும் பாதை அந்தக் கிட்டின் விளக்கத்தாளில் உள்ள படத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. படத்தில் காலியாகத் தெரியும் இடத்தில் உங்கள் வண்டியில் ஒரு வயர்க் கற்றை ஓடக்கூடும். அதை இழுத்துக் கட்டி இடம் செய்வதைவிட, பாதுகாப்பு உறை போட்டு அதன் இயல்பான பாதையிலேயே விட்டுவிட்டுக் குழாயைத் திருப்புவது நல்லது.

கீழே, பம்பருக்குப் பின்னால் செய்யும் வேலைக்கு இடது முன்சக்கரத்தைக் கழற்றி ஃபெண்டர் லைனரையும் (சக்கரக் குழியின் உட்புற உறை) விலக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்காமல், கட்டாயம் ஸ்டாண்ட் போட வேண்டும். லைனரைக் கழற்றிவைத்த நிலையில் ஃபில்டருக்குத் தாராளமாக இடம் இருப்பது போலத் தெரியும். லைனரைத் திரும்ப மாட்டியதும் அது உள்ளே குவிந்து ஃபில்டரை அழுத்துவதுதான் இந்த வண்டியில் அடிக்கடி நடப்பது. லைனர் மெல்லிய பிளாஸ்டிக். வேகத்தில் டயர் வாரியடிக்கும் காற்றும் தண்ணீரும் அதை இன்னும் உள்ளே தள்ளும். எனவே லைனரை மாட்டிய பிறகு அதைக் கையால் உள்நோக்கி அழுத்தி, அப்போதும் ஃபில்டரில் படவில்லை என்றால் மட்டுமே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, இடது முன்சக்கரத்தை மட்டும் ஒரு தடித்த பலகையின் மேல் ஏற்றி ஸ்பிரிங்கை அமுக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தேன். ஃபாக் லாம்பின் பின்புறமும் ஹார்னும் இதே பகுதியில்தான் இடத்துக்குப் போட்டியிடும். ஃபாக் லாம்ப் பல்பின் சூடு படும் இடத்தில் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு இருக்கக் கூடாது.

இடைவெளி கிடைக்கவில்லை என்பதற்காகக் குழாயின் வடிவத்தை மாற்றும்போது, கைவைக்கக் கூடாத ஒரு பகுதி இருக்கிறது. அது மாஃப் சென்சார் உட்காரும் பகுதி. இந்த இன்ஜின் உள்ளே போகும் காற்றின் எடையை அந்த சென்சாரை வைத்துத்தான் கணக்கிடுகிறது. சென்சார் நிற்கும் இடத்தில் குழாயின் உள்விட்டம் கம்பெனிக் கூட்டின் உள்விட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு 60 மி.மீ. இருந்த இடத்தில் 64 மி.மீ. வந்தால், பரப்பு 14 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று அந்த இடத்தை மெதுவாகக் கடக்கும், சென்சார் குறைவாகக் காட்டும், இன்ஜினின் கணினியான இசியூ பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும். பிறகு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து அது திருத்திக்கொள்ளப் பார்க்கும். அந்தத் திருத்தம் எல்லை மீறினால் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171 என்ற கோடோடு செக் இன்ஜின் விளக்கு எரியும். இடம் போதவில்லை என்று ஒரு கூர்மையான வளைவைக் கொண்டுபோய் சென்சாருக்கு முன்பாகவே வைப்பதும் இதே தொல்லையைத் தரும். சென்சாருக்கு முன்னே கொஞ்சமாவது நேரான குழாய் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஓபிடி டாங்கிளில் நீண்டகால ஃபியூல் ட்ரிம்மை, அதாவது இசியூ பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தத்தின் சதவீதத்தை, பார்க்கிறேன். வேலைக்கு முன்பு எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக் குழாய்க்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸையும் மறந்துவிடாமல், சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே மடங்காமல் சேர்க்க வேண்டும்.

உரசல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கும் இதுவே காரணம். சென்சாருக்குப் பின்னால் குழாயிலோ ஹோஸிலோ உரசி ஒரு சிறு துளை விழுந்தால், அதன் வழியே நுழையும் காற்று ஃபில்டரையும் தாண்டுகிறது, சென்சாரையும் தாண்டுகிறது. நம் சாலைப் புழுதியில் உள்ள நுண்மணல் நேராக சிலிண்டர் சுவரில் போய்த் தேய்க்கும். சத்தமில்லாமல் நடக்கும் இந்தச் சேதம், ஆயில் குடிக்கத் தொடங்கிய பிறகே வெளியே தெரியவரும். அதனால் மாட்டிய புதிதில், குழாய் எதற்கெல்லாம் அருகில் போகிறதோ அங்கெல்லாம் வெள்ளை நிறக் காகித டேப்பை ஒட்டிவைத்துவிட்டு வழக்கம்போல ஓட்டினேன். ஸ்பீட் பிரேக்கர், மேம்பாலத்தின் இணைப்புகள், ரிவர்ஸில் பார்க்கிங் சரிவு ஏறுவது என எல்லாம் நடந்த பிறகு திறந்து பார்த்தால், தொட்ட இடத்தில் டேப் கறுத்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். என் வண்டியில் ஒரே ஓர் இடத்தில், பிரீதர் ஹோஸின் கிளிப் படும் இடத்தில், ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தது. கிளிப்பைத் திருப்பிவைத்ததும் அது மறைந்தது.

தண்ணீரையும் நான் இடைவெளிக் கணக்கில்தான் சேர்க்கிறேன். 195/65 ஆர்15 டயர் போட்ட வண்டியில் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 31 செ.மீ. உயரத்தில் இருக்கும். பம்பருக்குப் பின்னால் தொங்கும் ஃபில்டரின் அடிப்பகுதி அதற்கும் கீழே வரக்கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்த மழையையும் விட்டுவிடுவோம்; அந்த நாட்களில் எந்த வண்டியையும் வெளியே எடுத்திருக்கக் கூடாது. சாதாரண வடகிழக்குப் பருவமழை மாலையிலேயே வேளச்சேரியில், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில், முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதல்ல. நிற்கும் தண்ணீரின் மட்டம் மட்டும் கணக்கில்லை, எதிரே வரும் பேருந்து தள்ளும் அலையும் அதோடு சேரும். இந்த இன்ஜினின் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 450 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 10.5:1. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 47 சி.சி. மட்டுமே. அதைவிட அதிகத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால், தண்ணீர் சுருங்காது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். டீக்கடைக் கிளாஸில் பாதித் தண்ணீர் போதும், இன்ஜின் முடிந்தது.

இதற்கென பைபாஸ் வால்வு என்று ஒன்று கிடைக்கிறது. ஃபில்டர் தண்ணீரில் மூழ்கிக் குழாய்க்குள் உறிஞ்சல் கூடும்போது, அது திறந்து மேலேயிருந்து காற்றைக் கொடுக்கும். நல்ல யோசனைதான், ஆனால் இந்த வண்டியில் அதை மாஃப் சென்சாருக்கு முன்பாக, ஃபில்டர் பக்கத்தில்தான் வைக்க முடியும். பின்னால் வைத்தால் அளக்கப்படாத காற்று உள்ளே வரும். குழாயைவிட அது பருமனாக இருப்பதால், சரியாகக் கீழிறங்கும் நெருக்கமான இடத்தில் அது உட்கார மறுக்கிறது. மேலும், அந்த வால்வே மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வந்தால் அதனால் பயனில்லை. காப்பீட்டையும் யோசிக்க வேண்டும்: தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம், ஃபில்டரைக் கீழே இறக்கிய மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் வைத்திருந்தால் அது இன்னும் கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. ஏர் இன்டேக் அந்தச் சான்றிதழில் வருவதில்லை என்றாலும், கழற்றிய பாக்ஸ், குழாய், போல்ட், கிளிப் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும்.

நான் எடுத்த முடிவு, குழாய் இரண்டு துண்டாக இருப்பதைப் பயன்படுத்திக்கொள்வது. மாஃப் சென்சார் மேல்துண்டில் இருக்கிறது. அக்டோபர் தொடங்கும் முன்பே கீழ்த்துண்டையும் நடு ஹோஸையும் கழற்றிவிட்டு, மேல்துண்டின் முனையிலேயே ஃபில்டரை மாட்டிவிடுகிறேன். டிசம்பர் முடியும் வரை ஃபில்டர் ஹெட்லைட்டின் உயரத்தில் இருக்கும். சென்சார் இருக்கும் குழாய் மாறவில்லை என்பதால் ஃபியூல் ட்ரிம்மும் பெரிதாக மாறுவதில்லை. அந்த மூன்று மாதமும் காற்று கொஞ்சம் சூடாகத்தான் வரும், அது எனக்குப் பரவாயில்லை. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே அலுமினியத் தகட்டை வளைத்து ஒரு தடுப்பு வைத்திருக்கிறேன், அதன் மேல்விளிம்பில் ஒட்டிய ரப்பர் பீடிங் போனட்டின் உட்புறத்தை லேசாகத் தொடும். முன்பக்கம் மட்டும் திறந்திருப்பதால் கிரில் வழியாக வரும் காற்று ஓரளவு கிடைக்கிறது. இந்த அமைப்புக்கும் இடைவெளியைப் புதிதாகவே அளக்க வேண்டும். கீழ்த்துண்டு இருந்தபோது பாடியோடு நின்ற ஃபில்டர், இப்போது இன்ஜினோடு சேர்ந்து ஆடுகிறது. தகடோ பாடியில் நிற்கிறது. ஆகவே ஃபில்டரின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே 25 மி.மீ. விட்டு வெட்டியிருக்கிறேன். களிமண்ணும் ரிவர்ஸ் கியர் சோதனையும் வெள்ளை டேப்பும் இந்த மாற்றத்தின்போதும், ஜனவரியில் கீழ்த்துண்டைத் திரும்ப மாட்டும்போதும் ஒருமுறை நடக்கும். அப்போது ஹோஸ்களை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்து, உட்சுவரில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுகிறேன். கிளாம்ப்களை ஹோஸ் பிதுங்காத அளவுக்கு மட்டும் இறுக்குகிறேன்.